கிட்டாரில் கார்டு மாற்ற நேரமாகிறதா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ரங்கூனில் சாயங்காலம் எந்தக் குறுக்குத் தெருவில் நடந்தாலும் ஒரு கிட்டார் சத்தம் காதில் விழும். நம் பிள்ளைகளும் கோயில் பஜனைக்கு, ஞாயிறு பாடற்குழுவுக்கு, திஞ்ஜான் (பர்மியப் புத்தாண்டுத் தண்ணீர்த் திருவிழா) நேரத்தில் கூட்டாளிகளோடு சேர்ந்து பாட என்று கிட்டாரைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். முதல் மாதம் உற்சாகமாகப் போகும். கார்டு (சில கம்பிகளைச் சேர்த்து அழுத்தி எழுப்பும் ஒலிக்கூட்டு) மாற்றும் இடம் வந்ததும் எல்லாரும் ஒரே மாதிரி தடுமாறி, ஒரே மாதிரி கேள்விகளைக் கேட்கிறார்கள். திரும்பத் திரும்பக் காதில் விழுந்தவற்றை, கேட்டவர்கள் கேட்டபடியே இங்கே எழுதியிருக்கிறேன்.

படிக்கும் முன் ஒன்று. மெல்லிய கம்பி ஒன்றாம் கம்பி, தடித்தது ஆறாம் கம்பி. கழுத்தின் குறுக்கே பதித்திருக்கும் உலோகக் கோடுகள்தான் ஃபிரெட். வலதுகைக்காரர்களை நினைத்தே எழுதியிருக்கிறேன். இடதுகைக்காரர்கள் வலதை இடமாகவும் இடதை வலமாகவும் வைத்துப் படிக்கவும்.

சயா (பர்மிய மொழியில் ஆசிரியர்), எல்லா கார்டும் மனப்பாடமா தெரியும். ஆனா ஒண்ணுல இருந்து இன்னொண்ணுக்குப் போக மூணு செகண்ட் ஆகுது. என் விரல் மெதுவா?

விரல் மெதுவாக இல்லை. போனில் மெசேஜ் தட்டும்போது அதே விரல்கள் எவ்வளவு வேகமாகப் போகின்றன என்று பாருங்கள். கிட்டாரில் நடப்பது வேறு: பழைய கார்டிலிருந்து எல்லா விரல்களையும் தூக்கிவிடுகிறீர்கள், கண்ணால் கம்பியைத் தேடுகிறீர்கள், ஆள்காட்டி விரலை வைக்கிறீர்கள், அப்புறம் நடுவிரல் எங்கே என்று யோசிக்கிறீர்கள். அந்த மூன்று செகண்டில் பெரும்பகுதி யோசிப்பதற்கே போய்விடுகிறது.

ஒரு சோதனை செய்து பாருங்கள். கிட்டாரைக் கீழே வைத்துவிட்டு, "சி கார்டு: ஆள்காட்டி இரண்டாம் கம்பி முதல் ஃபிரெட், நடுவிரல் நான்காம் கம்பி இரண்டாம் ஃபிரெட், மோதிர விரல் ஐந்தாம் கம்பி மூன்றாம் ஃபிரெட்" என்று வாயால் நிறுத்தாமல் சொல்ல முடிகிறதா? தடுக்கினால் அந்தக் கார்டு இன்னும் மனப்பாடம் ஆகவில்லை. படத்தைப் பார்த்து வைக்கத் தெரிவது வேறு, இது வேறு.

ஒரு பாட்டு வாசிக்க எவ்வளவு வேகம் வேணும்?

நீங்கள் பயப்படும் அளவுக்கு வேண்டாம். நிமிடத்துக்கு 80 தட்டு போகும் நான்கு தட்டுப் பாட்டு ஒன்று. நான்கு தட்டு சேர்ந்தது ஒரு சுற்று, ஒரு சுற்றுக்கு ஒரு கார்டு. அப்படியென்றால் நிமிடத்துக்கு 20 முறைதான் கார்டு மாறும். 120 தட்டு என்றால் 30 முறை. ஒரு சுற்றில் இரண்டு கார்டு வந்தால் அதுவே 60 ஆகும்.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. 20 முறைதானே, மூன்று செகண்டுக்கு ஒன்றுதானே என்று சும்மா இருக்க முடியாது. அந்த மூன்று செகண்டில் பெரும்பகுதி பழைய கார்டு ஒலித்துக்கொண்டிருக்க வேண்டும். மாற்றுவதற்குக் கிடைப்பது கடைசி அடிக்கும் அடுத்த சுற்றின் முதல் அடிக்கும் நடுவில் உள்ள இடைவெளி மட்டும். 80 வேகத்தில் ஒரு தட்டு முக்கால் செகண்ட். தட்டுக்கு இரண்டு அடி அடித்தால் அதிலும் பாதிதான். அதனால் பழகும்போது ஒரு ஜோடி கார்டை நிமிடத்துக்கு 60 முறை மாற்றும் அளவுக்குக் கொண்டுவரச் சொல்வேன். அப்போது பாட்டில் கை அவசரப்படாது.

தினமும் எப்படிப் பழகுறது? சும்மா மாத்தி மாத்திப் பிடிச்சா போதுமா?

இரண்டே இரண்டு கார்டு எடுங்கள். போனில் ஒரு நிமிடம் வையுங்கள். முதல் கார்டு, ஒரு அடி, இரண்டாவது கார்டு, ஒரு அடி, மறுபடி முதலாவது. எத்தனை முறை மாறியது என்று எண்ணி ஒரு நோட்டில் எழுதுங்கள். ஒவ்வொரு கம்பியும் சுத்தமாகக் கேட்க வேண்டும் என்பதில்லை, ஆனால் கார்டு இன்னது என்று அடையாளம் தெரிய வேண்டும். ஒரு ஜோடிக்கு இரண்டு மூன்று நிமிடம், ஒரு நாளுக்கு மூன்று ஜோடி. கார்டு மாற்றும் பயிற்சிக்கு அவ்வளவு போதும். மிச்ச நேரத்தில் பாட்டு வாசியுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம் உட்கார்வதைவிட, வேலைக்குப் போகுமுன் பத்து நிமிடம், வந்த பிறகு பத்து நிமிடம் என்று தினமும் தொடுவது பலன் தரும். கை பழகும் வேலை, தூங்கும்போதும் உள்ளே நடந்துகொண்டுதான் இருக்கும். நேற்று வராதது இன்று காலையில் தானாக வருவதைப் பலர் கவனித்திருப்பீர்கள்.

நோட்டில் எழுதுவதை அலட்சியம் செய்யாதீர்கள். மாற்றம் நாளுக்கு நாள் கண்ணுக்குத் தெரியாது, நோட்டில்தான் தெரியும்.

எந்த கார்டுல ஆரம்பிக்கணும்? ஜி, சி, டி தானே எல்லாரும் சொல்றாங்க?

ஜி, சி, டி மூன்றும் ஒன்றுக்கொன்று உருவம் ஒத்துப்போகாத கார்டுகள். ஆரம்பத்திலேயே அவற்றைக் கொடுப்பது எனக்குப் பிடிப்பதில்லை. ஈ, ஏ மைனர், சி, டி மைனர் என்ற வரிசையில் வாருங்கள். காரணம் சொல்கிறேன்.

ஈ கார்டில் ஆள்காட்டி மூன்றாம் கம்பி முதல் ஃபிரெட், நடுவிரலும் மோதிர விரலும் ஐந்தாம், நான்காம் கம்பிகளில் இரண்டாம் ஃபிரெட். அதே உருவத்தைக் கலைக்காமல் மொத்தமாக ஒரு கம்பி கீழே, மெல்லிய கம்பிப் பக்கம், இறக்கினால் ஏ மைனர். ஏ மைனரிலிருந்து சி போக ஆள்காட்டியும் நடுவிரலும் அசையவே வேண்டாம். மோதிர விரல் மட்டும் மூன்றாம் கம்பியை விட்டு ஐந்தாம் கம்பி மூன்றாம் ஃபிரெட்டுக்குப் போனால் போதும். ஏ மைனரிலிருந்து டி மைனர் போக மூன்று விரலும் ஒரு கம்பி கீழே இறங்கும், மோதிர விரல் மட்டும் கூடவே ஒரு ஃபிரெட் தள்ளிப் போகும். ஈயில் ஆள்காட்டியைத் தூக்கினால் ஈ மைனர்.

ஏ மைனர், டி மைனர், ஈ மூன்றும் கைக்கு வந்துவிட்டால் சோகப் பாட்டு, காதல் பாட்டு, பக்திப் பாட்டு என்று எத்தனையோ தமிழ்ப் பாட்டுகளின் பல்லவியைப் பிடித்துவிடலாம். எந்த இரண்டு கார்டை எடுத்தாலும் முதலில் கேட்க வேண்டியது இதுதான்: எந்த விரல் அசையாமல் இருக்கலாம்? எது அதே கம்பியில் வழுக்கிக்கொண்டு போகலாம்? ஈயிலிருந்து பி செவன் போகும்போது நடுவிரல் இருந்த இடத்திலேயே இருக்கும். ஈக்கும் டிக்கும் நடுவே ஆள்காட்டி மூன்றாம் கம்பியை விடாமல் முதல் ஃபிரெட்டிலிருந்து இரண்டுக்கு வழுக்கும். கம்பியைத் தொட்டுக்கொண்டே போகிற விரலுக்குக் கண் வேண்டாம். வேகத்தில் பாதி இங்கிருந்துதான் வருகிறது என்பேன்.

ஜி கார்டை மூணு பேர் மூணு விதமாப் பிடிக்கச் சொல்றாங்க. எதுண்ணே சரி?

மூன்றும் சரி. அடுத்து எந்தக் கார்டு வருகிறது என்பதைப் பார்த்துப் பிடிக்க வேண்டும்.

அடுத்து சி என்றால், மோதிர விரல் ஆறாம் கம்பி மூன்றாம் ஃபிரெட், நடுவிரல் ஐந்தாம் கம்பி இரண்டாம் ஃபிரெட், சுண்டுவிரல் ஒன்றாம் கம்பி மூன்றாம் ஃபிரெட். இப்போது மோதிர விரலும் நடுவிரலும் ஜோடியாக ஒரு கம்பி கீழே இறங்கினால் சி முக்கால்வாசி ஆகிவிட்டது. ஆள்காட்டியை மட்டும் வைக்க வேண்டும். சுண்டுவிரல் முதலில் முரண்டு பிடிக்கும். ஒரு வாரம் பொறுத்துக்கொள்ளுங்கள், அந்த விரல் பின்னால் நிறைய வேலை செய்யப்போகிறது.

அடுத்து டி என்றால் நான்கு விரல் ஜி நல்லது: நடுவிரல் ஆறாம் கம்பி மூன்று, ஆள்காட்டி ஐந்தாம் கம்பி இரண்டு, மோதிர விரல் இரண்டாம் கம்பி மூன்று, சுண்டுவிரல் ஒன்றாம் கம்பி மூன்று. டியிலும் மோதிர விரல் அதே இரண்டாம் கம்பி மூன்றாம் ஃபிரெட்தான், அது எழவே வேண்டாம். இதே பிடியில் மோதிர, சுண்டு விரல்களை அப்படியே வைத்துக்கொண்டு மற்ற இரண்டை ஒரு கம்பி கீழே இறக்கினால் சி ஆட் நைன் கிடைக்கும். பல பாட்டுகளில் சிக்குப் பதிலாக அதை வாசித்தால் உறுத்தாது. பர்மியப் பாட்டுக்கு இது மிக நன்றாகவே பொருந்தும். தெருவில் வாசிக்கும் பையன்களின் கையைக் கவனியுங்கள்.

விரல் ஒண்ணொண்ணாத்தான் இறங்குது. எல்லாம் சேர்ந்து எப்படி இறக்குறது?

கார்டைப் பிடியுங்கள். ஒரு அடி. விரல்களின் உருவம் கலையாமல் கம்பியிலிருந்து அரை அங்குலம் தூக்குங்கள், அதே இடத்தில் மறுபடி ஒன்றாக வையுங்கள். வேறு கார்டுக்குப் போகாமல் இதையே பத்துப் பதினைந்து முறை செய்யுங்கள். அப்புறம் தூக்கும் தூரத்தைக் கூட்டுங்கள். கடைசியில் கையைத் தொடையில் வைத்துவிட்டு நேராக அந்தக் கார்டில் போய் இறங்குங்கள். இது மிக மெதுவாகச் செய்ய வேண்டிய பயிற்சி. அவசரப்பட்டால் விரல்கள் பழையபடி வரிசையில் நின்றுதான் இறங்கும்.

பாட்டுக்கு நடுவில் சமாளிக்க ஒரு வழியும் உண்டு: கீழ்நோக்கி அடிக்கும்போது பிக் (கம்பியை அடிக்கும் சிறு தகடு) முதலில் தொடுவது தடித்த கம்பியைத்தான். அதனால் தடித்த கம்பியில் இருக்க வேண்டிய விரலை முதலில் வைத்தால், மற்றவை ஒரு நொடிப்பொழுது பிந்தினாலும் காதுக்குத் தெரியாது. சி கார்டில் எல்லாரும் ஆள்காட்டியை முதலில் வைக்கிறார்கள். அதைத் திருப்பி மோதிர விரலிலிருந்து ஆரம்பித்துப் பாருங்கள்.

கார்டு மாறும்போது வலது கையும் நின்னுடுது. என்ன செய்றது?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பேன் என்றால் இதைப் படியுங்கள். வலது கை நிற்கக் கூடாது. இடது கை தயாராகும்வரை வலது கை காத்திருந்தால், இடது கைக்கு அவசரமே வராது. வலது கை போய்க்கொண்டே இருந்தால் இடது கை ஓடிவந்து சேர்ந்துகொள்ளும். கேட்கிறவர்களும் ஒரு தப்பான கம்பியை மன்னிப்பார்கள், தாளம் நின்றால் உடனே திரும்பிப் பார்ப்பார்கள்.

முதலில் இடது கையால் கம்பிகளை லேசாக மூடிக்கொண்டு "சக் சக்" என்று நான்கு தட்டு அடித்துக்கொண்டே இருங்கள். அப்புறம் ஒன்றாம் தட்டில் மட்டும் கார்டைப் பிடித்து, மற்ற மூன்று தட்டிலும் விரலைத் தளர்த்தி அடுத்த கார்டுக்கு நகருங்கள். வலது கை மேலும் கீழும் போவது கடிகாரம் மாதிரி நடக்கட்டும். பழகப் பழகக் கார்டை இரண்டு தட்டு, மூன்று தட்டு என்று பிடித்துவைக்க முடியும்.

நல்ல வாசிப்பாளர்களைக் கவனித்துக் கேளுங்கள். சுற்றின் கடைசி அரைத் தட்டில் அவர்கள் விரல்கள் ஏற்கனவே எழுந்திருக்கும், வலது கை வெறும் கம்பிகளைத்தான் அடிக்கும். அது பிழை இல்லை, கிட்டாரில் எல்லாரும் அப்படித்தான் மாற்றுகிறார்கள்.

விரல் நுனி எரியுது. இன்னும் அழுத்தணுமா?

பெரும்பாலும் குறைக்க வேண்டும். ஒரு கம்பியில் விரலை லேசாக வைத்து, அடித்துக்கொண்டே கொஞ்சம் கொஞ்சமாக அழுத்துங்கள். கரகரப்பு நின்று சுத்தமான சத்தம் வரும் இடத்தில் நிறுத்துங்கள். அவ்வளவு அழுத்தம் போதும், அதற்கு மேல் அழுத்துவது வீண். விரல் ஃபிரெட் கம்பிக்குப் பின்னால் ஒட்டினாற்போல இருந்தால் இன்னும் குறைவாக அழுத்தலாம். இறுக்கிப் பிடிக்கும் கை, விடுவதற்கும் நேரம் எடுக்கும். மெதுவாக மாறுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

தோல் தடிக்கச் சில வாரம் ஆகும், அதுவரை எரிச்சல் இருக்கும். ஆனால் மணிக்கட்டிலோ முழங்கையிலோ வலி வந்தால் அன்றைக்கு நிறுத்திவிடுங்கள். இடது கை நகத்தை ஒட்ட வெட்டுங்கள்.

என் கை ரொம்பச் சின்னது. கிட்டாருக்கு லாயக்கு இல்லையோ?

பத்து வயசுப் பிள்ளைகள் வாசிக்கிறார்கள். கட்டைவிரலைக் கழுத்துக்கு மேலே எட்டிப் பார்க்கவிடாமல் பின்பக்கம் நடுவில் வையுங்கள், உள்ளங்கை கழுத்தில் ஒட்டாமல் இருக்கட்டும், எட்டாத கம்பி எட்டும். தரையில் சம்மணமிட்டு வாசிப்பது நமக்குப் பழக்கம். ஆனால் அப்போது கிட்டார் மடியில் சரிந்து, அதைத் தாங்குகிற வேலையும் இடது கைக்கு வந்துவிடுகிறது. டீக்கடை ஸ்டூல் உயரத்தில் ஏதாவது ஒன்றில் உட்காருங்கள்.

எனக்கு மட்டும் கஷ்டமா இருக்கே, கிட்டார்லயே கோளாறு இருக்குமோ?

இருக்கலாம். விலை குறைந்த கிட்டார்களில் கம்பி உயரமாக நிற்பது சாதாரணம். பன்னிரண்டாம் ஃபிரெட்டில் ஆறாம் கம்பிக்கும் ஃபிரெட்டுக்கும் நடுவே உள்ள இடைவெளியை அளந்து பாருங்கள். இரண்டரை மில்லிமீட்டர் அளவில் இருந்தால் நல்லது, நான்கு இருந்தால் யாருக்கும் கஷ்டம்தான். அடுத்து, இரண்டாம் மூன்றாம் ஃபிரெட்டுகளுக்கு நடுவே ஒரு கம்பியை அழுத்திக்கொண்டு முதல் ஃபிரெட்டைப் பாருங்கள். கம்பிக்கும் அதற்கும் நடுவே மயிரிழை இடைவெளி இருக்க வேண்டும். அதிகம் இருந்தால் கழுத்தின் தலைப்பில் உள்ள நட் உயரம். கிட்டார் சரிசெய்பவரிடம் கொடுத்தால் அரத்தால் இழைத்துத் தருவார். நீங்களே இழைக்காதீர்கள், ஆழம் அதிகமானால் கம்பி இரையும்.

அதுவரை ஒரு தற்காலிக வழி: எல்லாக் கம்பிகளையும் அரை ஸ்வரம் இறக்கிவிட்டு, முதல் ஃபிரெட்டில் கேப்போ (எல்லாக் கம்பிகளையும் சேர்த்து அழுத்தும் கவ்வி) போடுங்கள். சுருதி மாறாது, கம்பி தாழ்ந்தும் தளர்ந்தும் இருக்கும். கம்பி மாற்றும்போது 12 அளவுக்குப் பதில் அதைவிட மெல்லிய 10 அளவு ஸ்டீல் கம்பி கேளுங்கள். நைலான் கம்பி போட்ட கிளாசிக்கல் கிட்டாரில் மட்டும் ஸ்டீல் போட்டுவிடாதீர்கள், அந்த இழுப்பில் பிரிட்ஜ் (முன்பலகையில் கம்பிகளைக் கட்டியிருக்கும் கட்டை) பெயர்ந்துவிடும்.

நம் ஊர் மழையையும் சொல்ல வேண்டும். மே கடைசியிலிருந்து அக்டோபர்வரை காற்றே ஈரமாக இருக்கும். மரம் ஈரத்தைக் குடித்து முன்பலகை உப்பும், கம்பி உயரும். மார்கழியில் சுலபமாக இருந்த கார்டு ஆடியில் கடினமாகத் தோன்றினால் உங்கள் கையைத் திட்டாதீர்கள். கிட்டாரைச் சுவரில் மாட்டாமல் பைக்குள் வையுங்கள், கூடவே சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டு போடுங்கள். வாசித்து முடித்ததும் கம்பியைத் துணியால் துடையுங்கள். துருப்பிடித்த கம்பியில் விரல் வழுக்காது.

விரலைப் பார்க்காம மாத்த முடியுமா?

முடியும். அசையாத விரலும் வழுக்கும் விரலும்தான் அதற்குக் கண் (எந்தக் கார்டில் ஆரம்பிப்பது என்ற கேள்வியில் சொன்னது). கண்ணை மூடி, அந்த ஒரு விரலை மட்டும் நம்பி, மெதுவாக மாற்றிப் பாருங்கள். ரங்கூனில் இருக்கிறவர்களுக்குக் கண்ணை மூடும் சிரமம்கூட இல்லை, கரண்ட் போகும் நேரத்தை இதற்கு ஒதுக்கலாம். ஆரம்பத்தில் பார்ப்பது தப்பில்லை. ஆனால் கிட்டாரை மல்லாத்திக் குனிந்து பார்த்தால் மணிக்கட்டு மடங்கி விரல் குறுகிவிடும். நேராக வைத்துக்கொண்டு, கழுத்தின் மேல்விளிம்பை மட்டும் பாருங்கள்.

எஃப் கார்டு வந்தா பாட்டே நின்னுடுது. விட்டுடலாமா?

விட வேண்டாம், சின்னதாக ஆரம்பியுங்கள். சி கார்டைப் பிடியுங்கள். ஆள்காட்டியை அசைக்காமல், மோதிர விரலையும் நடுவிரலையும் ஒரு கம்பி கீழே இறக்குங்கள். ஐந்தாம், ஆறாம் கம்பிகளை அடிக்காமல் விடுங்கள். இது எஃப் மேஜர் செவன். பல இடங்களில் எஃபுக்குப் பதில் இதுவே போதும். அடுத்த படியாக ஆள்காட்டியைச் சாய்த்து ஒன்றாம் இரண்டாம் கம்பிகளைச் சேர்த்து அழுத்துங்கள், சின்ன எஃப் வந்துவிட்டது.

ஆறு கம்பியையும் அழுத்தும் முழு எஃப் பிறகு வரட்டும். ஆள்காட்டியின் உள்பக்கச் சதையைவிடக் கட்டைவிரல் பக்கத்து எலும்பு ஓரத்தால் அழுத்துவது எளிது. பழகும்போது ஐந்தாம் ஃபிரெட்டில் அதே உருவத்தைப் பிடித்துப் பழகி ஒவ்வொரு ஃபிரெட்டாக இறங்கி வாருங்கள். நட் பக்கத்தில்தான் கம்பி மிக விறைப்பாக இருக்கும்.

மெட்ரோனோம் கட்டாயமா?

சீராகத் தட்டு எண்ணித் தரும் கருவிதான் மெட்ரோனோம். பழகும்போது கட்டாயம் என்பேன். 60 வேகத்தில் வைத்து, நான்கு தட்டுக்கு ஒரு அடி, அடுத்த நான்கு தட்டுக்கு அடுத்த கார்டு. சுத்தமாக வந்தால் இரண்டு தட்டுக்கு ஒன்று. அதுவும் வந்தால் வேகத்தை ஐந்து ஐந்தாகக் கூட்டுங்கள். போனில் இலவசமாகவே கிடைக்கிறது.

தனியாப் பழகும்போது வருது. பாட்டுல, அதுவும் பாடிக்கிட்டே வாசிச்சா, எல்லாம் போயிடுது.

ஒரு நிமிடப் பயிற்சியில் அடுத்த கார்டு எது என்று உங்களுக்கு எப்போதும் தெரியும். பாட்டில் அதையும் நினைவில் வைக்க வேண்டும். அதனால் சுற்றின் மூன்றாம் தட்டிலேயே அடுத்த கார்டின் பெயரை மனதுக்குள் சொல்லிவிடுங்கள். பாடும்போது எந்தச் சொல்லின் எந்த எழுத்தில் கார்டு மாறுகிறது என்று வரிகளின் மேல் குறித்துக்கொள்ளுங்கள். முதலில் பாடாமல் வாய்க்குள் முனகிக்கொண்டு வாசியுங்கள், அப்புறம் வார்த்தையைச் சேருங்கள். நான்கு வரியில் ஒரே ஒரு இடத்தில்தான் தடுக்கும்; அந்த இரண்டு கார்டை மட்டும் வெட்டியெடுத்துப் பழகுங்கள். பாட்டை முதலிலிருந்து திரும்ப வாசிப்பது நேரத்தை வீணாக்கும்.

ஆறு தட்டுப் பாட்டுல பாதியிலேயே கார்டு மாறுது. அதுக்கு என்ன வழி?

திஸ்ர நடையில் ஒன்று-இரண்டு-மூன்று, நான்கு-ஐந்து-ஆறு என்று எண்ணும்போது மாற்றம் பெரும்பாலும் ஒன்றிலோ நான்கிலோ விழும். ஆகவே மூன்றிலும் ஆறிலும் விரலை எழுப்புங்கள். வேகமான பாட்டில் அந்தத் தட்டுக்கு வெறும் கம்பியை அடிக்கலாம், அல்லது கம்பியை மூடி "சக்" என்று அடிக்கலாம். இரண்டாவது இன்னும் அழகாக இருக்கும், டோலக்கின் அடி மாதிரியே விழும். வந்து போகும் கார்டு ஒரு தட்டு மட்டும் நின்றால், உடன் வேறு யாராவது வாசிக்கும்போது நீங்கள் அதை விட்டுவிட்டுப் போகலாம். யாரும் கேட்கப்போவதில்லை.

ஒரு நிமிஷப் பயிற்சியில மூணு வாரமா 35 மாத்தத்துலயே நிக்குது. ஏறவே மாட்டேங்குது.

போனை நிறுத்திவைத்து இடது கையை வீடியோ எடுங்கள், மெதுவாக ஓடவிட்டுப் பாருங்கள். ஏதாவது ஒரு விரல் தேவையில்லாமல் வானத்தைப் பார்த்து நிற்கும், பெரும்பாலும் சுண்டுவிரலோ ஆள்காட்டியோ. அது திரும்பி வரும் நேரம்தான் உங்கள் தாமதம். அந்த ஒரு விரலை மட்டும் கவனித்து, எண்ணிக்கை பார்க்காமல் சில நாள் மெதுவாக மாற்றுங்கள். எண்ணிக்கை முதலில் குறையும், குறையட்டும்.

அதிலும் ஒன்றும் தெரியவில்லை என்றால் அந்த ஜோடியை ஒரு வாரம் மூடிவைத்துவிட்டு வேறு ஜோடி எடுங்கள்.

கேப்போ போட்டு ஈஸியா வாசிக்கிறது ஏமாத்து வேலைன்னு சொல்றாங்களே?

சொல்கிறவர்கள் சொல்லட்டும். பாடுகிற அக்காவின் குரலுக்கு எஃப் சுருதி வசதி என்றால், முழு எஃபும் பி ஃபிளாட்டும் பிடித்துத் திண்டாடுவதைவிட மூன்றாம் ஃபிரெட்டில் கேப்போ போட்டு டி உருவங்களில் வாசிக்கலாம், அல்லது ஐந்தாம் ஃபிரெட்டில் போட்டு சி உருவங்களில் வாசிக்கலாம். டி சுருதிப் பாட்டில் பி மைனர் வந்து படுத்தினால், இரண்டாம் ஃபிரெட்டில் கேப்போ வைத்து சி உருவங்களில் வாசியுங்கள். பி மைனர் இருந்த இடத்தில் ஏ மைனர் வந்துவிடும். ஜி இருந்த இடத்தில் எஃப் வரும், அதற்கு மேலே சொன்ன சின்ன எஃப் போதும். வீட்டில் பழகும்போது மட்டும் வாரத்தில் ஒரு நாள் கேப்போவைக் கழற்றிவிட்டு பி மைனரையும் தொட்டுப் பாருங்கள்.